மேஜர் பார்பராவும் வடலூர் அடுப்பும்

நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில், பழைய புத்தகக் குவியலுக்கு அடியில் அட்டை கிழிந்த பெர்னாட் ஷா கிடைத்தார். ‘மேஜர் பார்பரா’. 1905 நவம்பரில் லண்டனில் முதன்முதலாக மேடையேறிய நாடகம். கடைக்காரர் முப்பது ரூபாய் சொன்னார், இருபதுக்குக் கொடுத்தார். குறிஞ்சிப்பாடிக்குத் திரும்பும் பேருந்தில் முன்னுரையைத் தொடங்கினேன். வடலூரில் கூட்டம் ஏறி நெரித்தபோதும் முன்னுரை முடியவில்லை. ஷாவிடம் இது ஒரு தொல்லை. நாடகம் பார்க்க வந்தவனை வாசலிலேயே நிறுத்தி ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் உள்ளே விடுவார். ‘ஆண்ட்ரோக்ளிஸும் சிங்கமும்’ என்ற நாடகத்தில் முன்னுரை நாடகத்தைவிட நீளம்.

*

கதை தெரியாதவர்களுக்காக. பார்பரா பணக்கார வீட்டுப் பெண். சால்வேஷன் ஆர்மியில் மேஜர். கிழக்கு லண்டனில் ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்து ஆன்மாவை மீட்கிற வேலை. அவள் அப்பா அண்டர்ஷாஃப்ட் பீரங்கி செய்து உலகம் முழுக்க விற்கிறவர். நீ என் தொழிற்சாலையைப் பார், நான் உன் கஞ்சித்தொட்டியைப் பார்க்கிறேன் என்று இருவரும் ஒப்பந்தம் போடுகிறார்கள். அப்பா வருகிறார். கஞ்சித்தொட்டியை மூட வேண்டிய அளவுக்குப் பண நெருக்கடி. சாராய முதலாளி ஒருவர் 5,000 பவுண்டு தருவதாகச் சொல்கிறார், மற்றவர்கள் சேர்ந்து இன்னொரு 5,000 போட்டால். அந்த இன்னொரு ஐயாயிரத்துக்கு அப்பாவே காசோலை எழுதிவிடுகிறார். சற்றுமுன்தான், ஒரு ரவுடி தன் பாவத்துக்கு ஈடாக நீட்டிய ஒற்றைப் பவுனை வேண்டாம் என்று தள்ளியிருந்தாள் பார்பரா. இப்போது மேலிடம் பத்தாயிரத்தையும் வாங்கிக்கொள்கிறது. அவள் சட்டையில் இருந்த முத்திரையைக் கழற்றி அப்பா சட்டையில் குத்துகிறாள்.

அதற்கடுத்த அங்கத்தின் பெரும்பகுதி தொழிற்சாலை ஊரில். பெரிவேல் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று பெயர். கற்பனை ஊர். இரண்டு குன்றுகளுக்கு நடுவே வெள்ளைச் சுவர்கள், உயர்ந்த மரங்கள், புகையே இல்லை என்று சொல்லும்படியான சுத்தம், பள்ளி, நூலகம், ஓய்வூதியம். பார்க்க வந்தவர்கள் நரகத்தை எதிர்பார்த்து வந்து, குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல் விழிக்கிறார்கள்.

இதைப் படித்தபோது என் மனதில் ஓடியது நெய்வேலி டவுன்ஷிப்தான். அளந்து போட்ட சாலை, எண் போட்ட வட்டங்கள், வீட்டுக்கு வீடு வேப்பமரம், காலை நேரத்து மயில். சின்ன வயதில் பெரியப்பா குவார்ட்டர்ஸுக்குப் போனால் முதலில் குழாயைத் திறந்து பார்ப்பேன். எந்நேரமும் தண்ணீர் வரும்.

*

குறிஞ்சிப்பாடி இருக்கும் இடம் இந்த நாடகத்தைப் படிக்கத் தோதான இடம். ரயில் ஏறி மேற்கே போனால் முதலில் வடலூர், பிறகு நெய்வேலி. முதலாவதில் கஞ்சித்தொட்டியின் இரண்டாம் அங்கம், அடுத்ததில் தொழிற்சாலையின் மூன்றாம் அங்கம். நடுவில் எங்கள் ஊரில் தறிச் சத்தம், கைலி நெய்துகொண்டிருக்கிறோம்.

*

வடலூரில் வள்ளலார் 1867இல் தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பார்கள். யார் போனாலும் சோறு. சாதி கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, ஏன் வேலைக்குப் போகவில்லை என்றும் கேட்பதில்லை.

ஷாவின் கஞ்சித்தொட்டியில் கேள்வி உண்டு. அங்கே சாப்பிடுகிற இருவர் தங்களுக்குள் பேசிக்கொள்கிற இடம் அபாரம். ஒருவன் வேலையில்லாத பெயின்டர். தன் அம்மாவை அடித்ததாகக் கூட்டத்தில் பொய்யாக அழுது பாவ அறிக்கை செய்கிறவன். உண்மையில் அம்மாதான் அவனை அடிப்பவள். பக்கத்தில் இருக்கும் கிழவி யோக்கியமானவள். ஆனால் பெரிய பாவியாக இருந்து திருந்தியவள்போல நடிக்கிறாள். அப்படி நடித்தால்தானே மீட்பவர்களுக்குப் பெருமை? ஒரு துண்டு ரொட்டி, மார்ஜரின், பாகு, தண்ணீர் கலந்த பால். இதற்குக் கூலியாக ஒரு நாடகம். தர்மம் வாங்குகிறவன் எப்படி நடிகனாகிறான் என்பதை இவ்வளவு சிரிக்கச் சிரிக்கச் சொன்னவர் வேறு யாரும் என் நினைவில் இல்லை.

வள்ளலார் அந்த நடிப்பின் தேவையையே எடுத்துவிட்டார் என்று தோன்றுகிறது. பசி ஒன்றே தகுதி. ஷா வடலூருக்கு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? இரண்டு பேரும் புலால் உண்ணாதவர்கள். பந்தியில் சிக்கல் வந்திருக்காது. ஆனால் வறுமைதான் எல்லாக் குற்றங்களிலும் கொடியது, அதைச் சோறு போட்டுத் தடவிக்கொடுக்காதே, கூலி கொடுத்து ஒழி என்பது அவர் அண்டர்ஷாஃப்ட் வாயில் வைத்த வாதம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் தொடங்கியிருப்பார்.

*

கல்கி, அண்ணாவின் ‘ஓர் இரவு’ நாடகத்தைப் பார்த்துவிட்டு ஷாவோடும் இப்சனோடும் ஒப்பிட்டுப் பாராட்டினார். ‘தென்னாட்டு பெர்னாட் ஷா’ என்ற பட்டம் மேடைமேடையாக ஏறியது. கே.ஆர். ராமசாமியின் குழுவுக்காக எழுதிய நாடகம் அது; 1951இல் படமாகவும் வந்தது.

பட்டம் பொருத்தமா? பாதிதான் என்பேன். மேடையைக் கொள்கைக்குப் பயன்படுத்தியதில், வசனத்தை வாளாக வைத்ததில் இருவரும் ஒன்று. ஆனால் ‘வேலைக்காரி’யில் வேதாசல முதலியாரை வெறுக்க நமக்குச் சிரமமே இல்லை. கடன்காரனைத் தூக்கில் தொங்கவைத்த ஆள். கொட்டகையே கொதிக்கும். ஷாவிடம் போனால் பீரங்கி வியாபாரிதான் நாடகத்திலேயே இனிமையான மனிதர். நியாயமாகப் பேசுகிறவரும் அவரே. முதல் நாடகமான ‘விடோயர்ஸ் ஹவுசஸ்’ (1892) இன்னும் கறார். சேரி வீடுகளை வாடகைக்கு விட்டு ஏழைகளைப் பிழிகிற மாமனாரிடம் சீதனம் வாங்கமாட்டேன் என்று ஒரு இளம் டாக்டர் கொதிக்கிறான். மாமனார் அமைதியாகக் கணக்கைக் காட்டுகிறார். டாக்டரின் சொந்த வருமானமே அந்தச் சேரியை அடமானம் பிடித்த வட்டியில் வருவதுதான். அண்ணா கொட்டகையை எழுந்து நிற்கவைத்தார். ஷா நாற்காலியில் நெளியவைத்தார். நம் நாட்டுக்கு 1940களில் முதலாவது தேவைப்பட்டது என்பதையும் மறுக்கமாட்டேன்.

*

சம்பந்தமில்லாத ஒன்று. தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்தைப் பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் நடைமுறைப்படுத்தினார். அரசு ஏற்றது 1978இல். ஷா ஆங்கிலத்துக்குப் புது எழுத்து உண்டாக்கச் சொல்லி உயிலில் பணம் வைத்துவிட்டு 1950இல் இறந்தார். எழுத்து உருவானது, 1962இல் அதில் ஒரு நாடகமும் அச்சானது. அதோடு சரி. பெரியார் அச்சகத்தைக் கையில் வைத்திருந்தார், உயிலை நம்பவில்லை.

*

அன்னி பெசன்ட்டை ஃபேபியன் சங்கத்துக்குள் இழுத்ததில் ஷாவுக்குப் பங்குண்டு. அந்த அம்மையார் பிறகு பிரம்மஞான சபைக்குப் போய் அடையாறில் வந்து உட்கார்ந்தார். ஷாவுக்குக் கடைசிவரை புரியாத திருப்பங்களில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும்.

*

பீட்டர் ஷர்லி என்ற பாத்திரத்தை மறக்க முடியவில்லை. நாற்பத்தாறு வயது. தலை நரைத்ததால் வேலையை விட்டு அனுப்பப்பட்டவர். தர்ம ரொட்டி தொண்டையில் இறங்காதவர். அவருக்கு அண்டர்ஷாஃப்ட் வாயிற்காவலர் வேலையும் அழகான வீடும் கொடுக்கிறார். வீடு அத்தனை அழகாக இருப்பதால் அறைகளைப் புழங்கக் கூச்சப்பட்டு, மனிதர் பாத்திரம் கழுவும் பின்கட்டிலேயே முடங்கிக் கிடக்கிறார். நாடகத்தில் இது இரண்டு வரிச் செய்தி.

என் பெரியப்பா நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து வேலை வாங்கியவர். குவார்ட்டர்ஸ் கிடைத்து இருபத்தைந்து வருடம் இருந்தார். ஹால் விருந்தாளிக்கு என்பார். படுப்பது பின்பக்கத் தாழ்வாரத்தில், கயிற்றுக் கட்டிலில். காற்று வரும் என்பது அவர் சொன்ன காரணம். ஃபேன் ஹாலில் ஓடிக்கொண்டிருக்கும்.

*

அண்டர்ஷாஃப்ட் கம்பெனியில் ஒரு விசித்திர விதி. முதலாளி தன் மகனுக்குத் தொழிலைக் கொடுக்கக் கூடாது. ஒரு அநாதையைத் தத்தெடுத்துத்தான் கொடுக்க வேண்டும். வழிவழியாக அப்படித்தான். இதை நெய்வேலிக்காரர் ஒருவரிடம் சொன்னேன். வாரிசு வேலை கிடையாதா, அப்ப யூனியன் என்ன பண்ணுது என்றார்.

அந்த ஊரை அதட்டி நடத்த ஆளே தேவையில்லை என்பார் அண்டர்ஷாஃப்ட். ஒவ்வொருவனும் தனக்குக் கீழே உள்ளவனை அடக்கி வைத்துக்கொள்கிறான். லாபம் மேலே வந்து சேர்கிறது. பெர்மனென்ட், காண்ட்ராக்ட் என்ற இரண்டு சொற்களை அறிந்தவருக்கு இதை விளக்க வேண்டாம். ஒரே சுரங்கம், ஒரே ஷிஃப்ட். கல்யாணப் பேச்சில்கூட அந்த இரண்டு சொல்லும் முதலில் வந்து நிற்கும்.

*

1930களின் நடுவில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் தண்ணீருக்காக ஆழ்துளை போட்டார். கறுப்பாக ஏதோ வந்தது. பழுப்பு நிலக்கரி. பின்னால் சுரங்கத்துக்காக அவர் அறுநூறு ஏக்கருக்கு மேல் கொடுத்ததாகச் சொல்வார்கள். 1956இல் நெய்வேலிச் சுரங்க நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியில். (ஷா தம் 75ஆவது பிறந்தநாளை 1931இல் மாஸ்கோவில் கொண்டாடி, ஸ்டாலினைப் புகழ்ந்துவிட்டு வந்தவர். எல்லாரையும் சந்தேகிக்கச் சொல்லிக்கொடுத்த மனிதர், சந்தேகிக்க வேண்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.)

தண்ணீர் தேடிய இடத்தில் கரி கிடைத்தது. கரியை எடுக்க இப்போது தண்ணீரை இரவு பகலாக இறைத்து வெளியேற்ற வேண்டும். அடியில் உள்ள ஊற்றின் அழுத்தம் சுரங்கத் தரையையே தூக்கிவிடும். துளை போட்டால் தானாகப் பீறிடுகிற ஊற்று இந்தப் பக்கத்துப் பழைய பெருமை. இன்று மோட்டார் எத்தனை அடியில் இறக்கியிருக்கிறது என்பதுதான் பேச்சு.

வள்ளலாருக்கும் பார்வதிபுரத்தார் நிலம் கொடுத்தார்கள். எண்பது காணி என்பது வழக்கு. ஒரே வட்டாரத்தில் இரண்டு நிலக்கொடை: ஒன்றில் அடுப்பு எரிகிறது, இன்னொன்றில் கொதிகலன்.

*

என் சண்டை இங்கேதான். ஷா அந்தப் பெரிவேலில் ஒன்றைக் கேட்கவே இல்லை. ரொட்டிக்குக் காசு யார் கொடுத்தார் என்று துருவித் துருவிக் கேட்டவர், வெள்ளைச் சுவர் எழும்பிய மண்ணில் முன்பு உழுதவன் எங்கே போனான் என்று கேட்கவில்லை. தொழிலாளி உண்டு, முதலாளி உண்டு, பேராசிரியர் உண்டு, பிரபு வீட்டு அம்மாள் உண்டு. குடியானவன் இல்லை.

தெரியாமலா விட்டார்? முந்தைய வருடம், 1904இல், ‘ஜான் புல்ஸ் அதர் ஐலண்ட்’ எழுதியிருக்கிறார். அவருடைய சொந்த அயர்லாந்து. ராஸ்கல்லன் என்ற கிராமம். பிராட்பென்ட் என்ற ஆங்கில எஞ்சினியர் வருகிறார். நல்லவர், உற்சாகமானவர், ஊரையே முன்னேற்றிவிடத் துடிப்பவர். ஓட்டல் வரும், கோல்ஃப் மைதானம் வரும், வேலை வரும். அதற்கு முன்பு நிலத்தின்மேல் கேட்ட அளவுக்குக் கடன் கொடுக்கப்படும்; கட்ட முடியாதபோது நிலம் கைமாறும். கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி மலைச்சரிவைத் திருத்திய மாட் ஹாஃபிகன் என்ற குடியானவனின் துண்டு நிலமும் அந்தக் கணக்கில் உண்டு. ஹாஃபிகன் வெள்ளந்தி அல்ல. தன் நிலம் கைக்கு வந்ததும் தன்னிலும் ஏழைக்கு நிலம் கொடுக்க மறுக்கிற ஆள். அதனால்தான் நம்பமுடிகிறது. இந்த நாடகத்தைப் பார்த்த ஏழாம் எட்வர்ட் சிரித்த சிரிப்பில் நாற்காலி உடைந்தது என்று ஒரு கதை. எந்த இடத்தில் சிரித்தாரோ.

இரண்டையும் சேர்த்தே அச்சிட வேண்டும். ராஸ்கல்லனை முதலில் படித்துவிட்டு பெரிவேலுக்குப் போனால், அந்த வெள்ளைச் சுவர் வேறு மாதிரித் தெரிகிறது.

*

2023 ஜூலை. வளையமாதேவி. சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்புகிற கால்வாய் வெட்ட, நெல் வளர்ந்து நின்ற வயலுக்குள் பொக்லைன் இறங்கியது. நிலம் முன்பே எடுக்கப்பட்டது, பணம் கொடுத்தாகிவிட்டது என்றது ஒரு தரப்பு. அறுப்புவரை பொறுத்திருக்கலாமே என்றது மறுதரப்பு. உயர் நீதிமன்றத்திலும் அந்தப் பயிர் பேச்சானது. இரண்டு தரப்பும் பேசியது ஒரே வயலைத்தான். ஒருவருக்கு அது சர்வே எண், இன்னொருவருக்கு இன்னும் முற்றாத கதிர்.

அண்டர்ஷாஃப்ட் இருந்திருந்தால் காசோலைப் புத்தகத்தை எடுத்திருப்பார். அதைத்தான் எல்லாரும் செய்தார்கள்.

*

பெரிவேல் இரண்டு குன்றுக்கு நடுவே. எங்கள் பக்கம் குன்று கிடையாது, தட்டையான பூமி. இப்போது உண்டு: சுரங்கத்தில் வெட்டிய மேல்மண்ணைக் கொட்டிக் கொட்டி எழும்பிய மேடுகள். மேலே மரமும் வைத்திருக்கிறார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் மலை என்றே நினைக்கின்றன.

போன மாதம் பெரியம்மாவை மந்தாரக்குப்பத்துக்கு அழைத்துப் போனேன். பேருந்து ஜன்னல் வழியே மண்மேடு தெரிந்தது. நம்ம பழைய ஊரு இந்த மேட்டுக்கு அடியிலயா பெரிம்மா என்றேன்.

“மேட்டுக்கு அடியில இல்லடா. அதுக்கு அந்தாண்ட, குழி வெட்டுன எடம். நம்ம வீடு, பிள்ளையார் கோயிலு, களம் எல்லாம் இப்ப குழிக்கு மேல அந்தரத்துல.” கையை உயர்த்தி, வெறும் காற்றில் ஒரு இடத்தைக் காட்டினார். “அங்க ஒரு பலா நின்னுச்சு.”