கணினிக்கு நினைவு வாங்குதல்

மின்சாரம் வேண்டியபோதெல்லாம் கிடைக்கும் பொருளன்று என்பதை 2022ஆம் ஆண்டிலே இலங்கை மக்கள் யாவரும் நன்குணர்ந்தனர். அவ்வாண்டு பங்குனி மாத இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரையும் மின்வெட்டு நீடித்தது. கட்டுரை எழுதிக்கொண்டிருந்த மாணவனும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அலுவலரும், கணினித் திரை சட்டென்று இருண்டபோது, சேமித்து வைக்காத அவ்வளவும் தொலைந்துபோனமை கண்டு திகைத்தனர். சேமித்து வைத்தவை மட்டும் பத்திரமாக இருந்தன. கணினிக்கு இருவகை நினைவு உண்டு என்னும் பாடத்தைப் பாடநூல்களைக் காட்டிலும் தெளிவாக அந்த இருட்டே நமக்குக் கற்பித்தது எனலாம்.

இவ்விருவகையையும் விளங்கிக்கொள்ளத் தமிழருக்கு நல்லதோர் உவமை உண்டு. மேலைப்புலோலிச் சதாவதானி நா. கதிரைவேற்பிள்ளை அவர்களைப் பற்றி அறியாதார் சிலரே. யாழ்ப்பாணத்திலே பிறந்து, சென்னையிலே தமிழாசிரியராக விளங்கி, 1907ஆம் ஆண்டில் மறைந்தவர் அவர். அவதானம் செய்யும் புலவர், சபையிலே பலரும் தொடுக்கும் வினாக்களை ஒரே வேளையில் மனத்திலே தாங்கி, ஒன்றோடொன்று குழம்பாதவாறு விடை பகர்வர். அப்புலவரின் வீட்டு அலமாரியிலுள்ள நூல்கள் ஒருவகை நினைவு. அவை என்றும் அங்கேயே இருக்கும். சபையிலே அவர் மனத்தில் தாங்கியிருப்பது மற்றொருவகை நினைவு. சபை கலைந்ததும் அதன் வேலை முடிந்துவிடும். கணினியிலே அலமாரியின் இடத்தில் நிற்பது சேமிப்பகம். அவதானியின் மனத்தைப் போன்று தொழிற்படுவது ரேம் எனப்படும் நினைவகம்.

இக்காலத்து ரேமின் மூலக் கருத்து ஐ.பி.எம். நிறுவனத்து ஆராய்ச்சியாளர் ரொபேட் டெனாட் என்பவருக்கு 1966ஆம் ஆண்டிலே உதித்தது. 1968இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஒரு திரான்சிற்றர், ஒரு கொள்ளளவி: இவ்விரண்டுமே ஒரு பிற்றுச் செய்தியைத் தாங்கப் போதும் என்று அவர் கண்டார். ஆயினும் கொள்ளளவியிலே ஏற்றிய மின்னேற்றம் ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆதலால் 64 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவையேனும், புதிய வகையிலே 32 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவையேனும், எழுதியதையே மீண்டும் எழுதவேண்டியிருக்கின்றது. படித்ததைத் திரும்பத் திரும்பப் படியாதவன் மறந்துபோவான் என்று நான் பௌதிகவியல் வகுப்பிலே கூறும்போது, பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இந்த உதாரணத்தை ஏற்றுக்கொள்வர்.

இனி, இக்கட்டுரைக்குக் காரணமான விஷயத்துக்கு வருவோம்.

2024ஆம் ஆண்டிலே என் பழைய மாணவன் ஒருவன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றுகொண்டிருந்தான். ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவன். இலங்கையிலே முதன்முதலாக, 1867இல், வர்த்தகத்துக்கெனத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டம் இருப்பதும் அப்பக்கத்திலேதான். அவனுடைய தாயார் கொழுந்து பறிப்பவர். மேசைக் கணினியொன்றைப் பகுதி பகுதியாக வாங்கிப் பூட்டிக்கொண்டிருந்த அவன், ரேம் ஒன்றே மிச்சம் என்றும், தெரிந்தெடுக்க உதவவேண்டும் என்றும் கேட்டு, ஒரு சனிக்கிழமை தாயாரையும் அழைத்துக்கொண்டு வந்தான். மூவருமாகக் கண்டி நகரத்துக் கடையொன்றுக்குப் போனோம்.

கடைக்கார இளைஞர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். மூன்றும் டி.டி.ஆர். 5 என்னும் வகையின. முதலாவது, 8000 என்னும் இலக்கம் பொறித்து, வண்ண விளக்குகள் மினுங்கும் சோடி. ஒவ்வொன்றும் 16 ஜிகாபைற்று. இரண்டாவது, 6000 என்று பொறித்த, விளக்கொன்றுமில்லாத சோடி. அதுவும் அதே கொள்ளளவு. மூன்றாவது, 5600 என்று பொறித்த 16 ஜிகாபைற்று அட்டை ஒன்று மட்டும். முதலாவதன் விலை இரண்டாவதனைப்போல ஏறக்குறைய இருமடங்கு. பையனின் கண் விளக்குகளை விட்டு அகலவில்லை. நான் விலையைச் சுட்டிக்காட்டியபோது தாயார் முந்திக்கொண்டார்.

“சேர், சீட்டுக் காசு இருக்குங்க. காசப் பாத்துக் கொறைஞ்சத வாங்கிக் குடுத்துட்டு, நாளைக்கு மவன் படிப்புல பின்னுக்குப் போயிட்டா நான் என்னா செய்யிறது?”

இச்சொற்கள் என் நெஞ்சைத் தொட்டன. வறியோர் பலரின் உள்ளத்திலே இவ்வச்சம் குடிகொண்டிருக்கின்றது. தாம் அறியாத பொருளை வாங்கும்போது, விலையொன்றையே அவர்கள் தரத்தின் அடையாளமாகக் கொள்ள நேர்கின்றது. பிள்ளைக்குக் குறை வைத்துவிடுவோமோ என்ற பயத்தினால், இல்லாத பணத்தையும் கொடுக்கத் துணிகின்றனர். அந்த அம்மையாருக்கு நான் புத்தி சொல்வதைக் காட்டிலும், அவர் மகனே கணக்குப் போட்டுக் காட்டுவது மேல் என்று எண்ணினேன்.

“தம்பி, பெட்டியிலே பெரிதாகப் போட்டிருக்கும் இலக்கத்தை மட்டும் பார்க்காதே. சீ.எல். என்று சிறிதாக ஓர் இலக்கம் இருக்கும். அதையும் எழுதிக்கொள்” என்றேன்.

பெரிய இலக்கம் ஒரு செக்கனில் எத்தனை தடவை செய்தி கைமாறுகின்றது என்பதைக் குறிப்பது. 6000 எனின் 600 கோடி தடவை என்பது பொருள். சீ.எல். என்பதோ, கேட்ட செய்தி வந்துசேர்வதற்கு முன் எத்தனை துடிப்புக் காத்திருக்கவேண்டும் என்பதைக் குறிப்பது. சீ.எல். இலக்கத்தை 2000 ஆற் பெருக்கிப் பெரிய இலக்கத்தால் வகுத்தால், அக்காத்திருப்பு நனோசெக்கன் கணக்கில் வரும். முழுத் தாமதமும் இதுவன்று எனினும், ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

பையன் கடைத் துண்டொன்றின் பின்புறத்திலே கணக்கிட்டான். விளக்குச் சோடியின் சீ.எல். 40, காத்திருப்பு 10 நனோசெக்கன். விளக்கில்லாச் சோடியின் சீ.எல். 30, அதுவும் 10 நனோசெக்கன். தனி அட்டையின் சீ.எல். 46; அதற்கு 16 நனோசெக்கனுக்குச் சற்று அதிகம். அவன் வியப்போடு என்னைப் பார்த்தான். இன்னும் வியப்புக்குரியது ஒன்றுண்டு. 20 ஆண்டுகளுக்கு முன்னர்ப் புழங்கிய முதலாந் தலைமுறை டி.டி.ஆர். 400இலே சிறந்தவற்றுக்குச் சீ.எல். 2. அதற்கும் கணக்கிட்டால் வருவது அதே 10 நனோசெக்கன்தான்! இத்தனை ஆண்டுகளிலும் காத்திருப்பு அதிகம் குறைந்துவிடவில்லை. கூடியது, ஒரு முறையில் அள்ளிவரும் சுமையே. அந்தப் பழைய அட்டை செக்கனுக்கு 3.2 ஜிகாபைற்றுச் சுமந்தது. 6000 என்று பொறித்த அட்டையொன்று 48 ஜிகாபைற்றுச் சுமக்கின்றது.

அப்படியானால் 8000 அதனிலும் அதிகம் சுமக்குமே என்று கேட்கலாம். சுமக்கும், ஆனால் எதிரே வாங்கிக்கொள்பவரும் அதற்கு ஈடாக ஓடவேண்டுமன்றோ? பையன் வாங்கி வைத்திருந்த புரோசசர் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசையைச் சேர்ந்தது. அவ்வரிசை 2022இல் வெளிவந்தபோது, 6000 என்னும் வேகமே அதற்கு மிகவும் பொருத்தமானதென்று அந்நிறுவனத்தாரே கூறியிருந்தனர். 8000 வேகத்திலே ரேமை ஓட்டினால், புரோசசருக்குள்ளிருக்கும் நினைவுக் கட்டுப்பாட்டுப் பகுதி அதற்குச் சமமாக ஓட மாட்டாமற் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். இருமடங்கு விலை கொடுத்தும் அவன் வேலைக்குக் கிடைக்கும் இலாபம் சொற்பமே.

மூன்றாவது பெட்டி விலை மலிந்ததாயினும், அதை நான் விலக்கியதற்கு வேறு காரணங்கள் இருந்தன. ஒற்றை அட்டை ஒருவழிப் பாலம் போன்றது. ஒத்த அட்டைகள் இரண்டைப் பூட்டினால் இருவழிப் பாலமாகி, சுமக்கும் ஆற்றல் இரட்டிக்கும். மேலும், பொறியியல் மாணவனின் வரைபட, ஆய்வு மென்பொருள்களுக்கு 16 ஜிகாபைற்று நெருக்கடியாகும். ரேம் நிரம்பிவிட்டால் கணினி மிச்சத்தைச் சேமிப்பகத்திலே கொண்டுபோய் வைக்கும். அவதானி ஒவ்வொரு வினாவுக்கும் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து பார்ப்பது போன்றது அது. நல்ல சேமிப்பகமும் ரேமை விட ஆயிரம் மடங்களவு மந்தமானது. ஆகவே வேகத்தை எண்ணுமுன், வேலைக்குப் போதிய இடம் உண்டா என்பதையே முதலில் எண்ணவேண்டும்.

பையன் துண்டைத் தாயாரிடம் காட்டி, “அம்மா, ரெண்டும் பத்துத்தான். வெளக்குக்குத்தான் மத்தக் காசு” என்றான். அவர் அந்த எண்களைச் சற்றுநேரம் உற்று நோக்கினார். பின்பு கடைக்காரரையும் என்னையும் பார்த்து, “நெசந்தானுங்களா?” என்று கேட்டார். கடைக்காரரும் புன்முறுவலோடு ஆமென்று தலையசைத்தார். விளக்கில்லாத சோடியை வாங்கினோம். மிச்சக் காசில் ஒரு பகுதிக்கு, மின்வெட்டின்போது சில நிமிடங்கள் தாங்கும் யூ.பி.எஸ். ஒன்றும் வாங்கிக்கொண்டான். எஞ்சியதைத் தாயார் முந்தானையில் முடிந்துகொண்டார்.

பூட்டும்போது கவனிக்கவேண்டியவையும் சில உள. டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 ஆகிய இரண்டுக்கும் முனைகள் 288தான். ஆயினும் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்று மற்றொன்றின் துளையிலே பொருந்தாது. மதர்போட்டிலே நான்கு துளைகள் இருப்பின், புரோசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் சோடியைப் பூட்டுதலே பெரும்பாலும் முறை. எல்லாவற்றிலும் முக்கியமானது, பயோஸ் அமைப்பிலே எக்ஸ்போ என்பதை, இன்டெல் வகையாயின் எக்ஸ்.எம்.பி. என்பதை, இயக்கி வைத்தலாகும். அதைச் செய்யாவிடின், 6000 என்று விலை கொடுத்து வாங்கியது 4800 போன்ற குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். உயர்ந்த விலைக்கு வாங்கிய ரேமை ஆண்டுக்கணக்கில் இவ்வாறு அரைத் தூக்கத்தில் வைத்திருந்த அலுவலரொருவரை நான் அறிவேன்.

இக்கணக்குகளை அறிந்திருப்பது முன்னரிலும் இப்பொழுது அதிகம் பயன்படும். 2025ஆம் ஆண்டின் இறுதி மாதங்களிலே உலகச் சந்தையில் ரேமின் விலை இருமடங்காகவும் அதற்கு மேலும் ஏறிற்று. உலகத்து ரேமிற் பெரும்பகுதியைச் செய்வோர் மூவரே: தென்கொரியாவின் சம்சுங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரோன். செயற்கை நுண்ணறிவுக்கான பெரும் கணினி நிலையங்கள் நினைவகங்களை ஏராளமாகக் கேட்கவே, இவர்களுடைய கவனம் அப்பக்கம் திரும்பியது. பொதுமக்களுக்கு விற்றுவந்த குருசியல் என்னும் வியாபாரத்தையே கைவிடப்போவதாக 2025 மார்கழியிலே மைக்ரோன் அறிவித்தது. எங்கோ நடக்கும் இப்பெரும் போட்டியின் பாரம், ஹேவாஹெட்டையிலே கொழுந்துக் கூடையைச் சுமக்கும் தாயின் சீட்டுக் காசிலும் வந்து விழுகின்றது.

ஆகையாற் பெற்றோர்களே, மாணவ நண்பர்களே, கடைக்குப் போகுமுன் நான்கு வினாக்களை எழுதிக்கொண்டு போங்கள். என் வேலைக்கு எத்தனை ஜிகாபைற்று வேண்டும்? என் மதர்போட் எந்த வகையை ஏற்கும்? என் புரோசசர் எந்த வேகம் வரை ஒத்தோடும்? பெருக்கி வகுத்தால் எத்தனை நனோசெக்கன் வருகின்றது? இவற்றுக்கு விடை கண்டபின் விலையைக் கேளுங்கள். கணக்கைப் பிள்ளையே போடட்டும்; அதைத் தாய் தந்தையருக்கும் பிள்ளையே விளக்கிச் சொல்லட்டும். நான் சொன்னதற்காக அன்றி, மகன் கணக்கிட்டுக் காட்டியதற்காகவே அந்த அம்மையார் அன்று மனநிறைவோடு வீடு திரும்பினார்.