கிராங்குக்குக் கிரைண்டிங் வேண்டுமா?

எஞ்சினைப் பிரித்துக் கிராங்கை வெளியே எடுத்த மாத்திரத்தில் அதைக் கிரைண்டிங் பட்டறைக்கு அனுப்பிவிடுவது நம் மெக்கானிக்குகளிடையே ஏறக்குறைய ஓர் அனுஷ்டானமாகவே ஆகிவிட்டது. நானோ, இத்தொழிலில் தலை நரைத்த பின்பும், அவ்விஷயத்தில் தயங்குகிறவன். பழைய அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினையே எடுத்துக்கொண்டால், ஸ்டாண்டர்டு அளவுக்குக் கீழே 0.010, 0.020, 0.030, 0.040 அங்குலம் குறைந்த பேரிங்குகள் என்று நான்கே படிகள் அதற்கு உண்டு. ஒவ்வொரு கிரைண்டிங்கிலும் கிராங்கின் ஆயுளில் ஒரு படியாவது திரும்பாமல் கழிந்துபோகிறது.

கண்ணால் பார்த்துத் தீர்ப்புக் கூறும் வழக்கம் எனக்குச் சம்மதமன்று. ஜர்னலில், அதாவது கிராங்கில் பேரிங்குக்குள் சுழலும் பாகத்தில், கோடு விழுந்திருக்கிறதே என்று வண்டிக்காரர் கலங்குவார். நகத்தில் தட்டுப்படாத கோடானால் பாலிஷோடு காரியம் முடிந்துவிடும். மாறாக, முகம் பார்க்கலாம் என்னும்படி பளபளக்கும் கிராங்க் பின் (கனெக்டிங் ராடு பிடிக்கும் ஜர்னல்), மைக்ரோமீட்டரில் அகப்பட்டவுடன் வேறு கதை சொல்வதும் உண்டு. ஆகையால் ஒவ்வொரு ஜர்னலையும் இரண்டு ஓரங்களிலும், ஓரத்துக்கு இரண்டாக ஒன்றுக்கொன்று குறுக்கான திசைகளிலும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். ஓரத்துக்கு ஓரம் காணும் பேதம் டேப்பர். திசைக்குத் திசை காணும் பேதம் ஓவல்.

சுற்றிலும் ஒரே சீராகச் சிறிது தேய்ந்த ஜர்னலை நான் மன்னித்துவிடுவேன், ஓவலை மன்னிப்பதில்லை. பின்னின் மேல் விழும் பாரம் சுற்றிலும் சமமாக விழுவதில்லையாதலால், அது ஒரு பக்கமாகவே தேய்கிறது. விட்டத்தில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 0.001 அங்குலம் இடைவெளி என்பது பழைய கணக்கு; அதன்படி ஏறக்குறைய இரண்டு அங்குல விட்டமுள்ள மெயின் ஜர்னலுக்கு 0.002 போதுமென்றிருக்க, ஓவலே 0.002 ஆகிவிட்டால், ஒரு திசையில் சரியாகப் பொருந்தும் புதுப் பேரிங் மறு திசையில் இரு மடங்கு தளர்ந்து நிற்கும்; அந்த வழியே ஆயில் வழிந்தோடும்; எஞ்சின் சூடேறி ஐடிலிங்கில் நிற்கையில் பிரஷர் விழும். வட்டமான பேரிங் எத்தனை புதியதானாலும் வட்டமல்லாத பின்னைத் திருத்த அதற்குச் சக்தி இல்லை. கம்பெனி மானுவலின் வரம்பே பிரமாணம். அது கைவசம் இல்லாதபோது, 0.001-ஐத் தாண்டினால் யோசிப்பேன், 0.002-ஐத் தொட்டால் அனுப்பிவிடுவேன்.

நான்கு பின்களில் ஒன்று கெட்டாலும் நான்கையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது நியாயம். ஆனால் மெயின் மூன்றும் சுத்தமாயிருக்க, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று அவற்றையும் கல்லில் கொடுப்பது அநியாயம். கழற்றிய பேரிங்குகளைக் குப்பையில் எறிவதும் அவசரபுத்தியே. மேல் பாதி ஒரு விளிம்பிலும் கீழ்ப் பாதி எதிர் விளிம்பிலும் தேய்ந்திருந்தால், வளைந்தது கனெக்டிங் ராடு என்று சந்தேகிக்க வேண்டும். அதை நிமிர்த்தாமல் போடும் கிரைண்டிங் வீண் செலவு. விரிசல் இருக்கிறதா என்ற பரிசோதனையும் கல் தொடுவதற்கு முன்பே முடிய வேண்டும். பின் கன்னத்தோடு சேரும் மூலையிலுள்ள வளைவை, கிரைண்டிங் போடுகிறவர் சதுரமாக வெட்டிவிட்டால், பிற்காலத்தில் கிராங்க் முறிவது பெரும்பாலும் அங்கேதான்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: கிரைண்டிங்குக்குச் சம்மதம் சொல்லுமுன், ஒவ்வொரு ஜர்னலின் அளவையும் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதித் தர மறுக்கும் பட்டறையில் கிராங்கை விட்டுவராதீர்கள்.