ஃபார்மேட் பண்ண முடியாத கம்ப்யூட்டர்

டிசைனைக் கலர் கலராகப் பிரித்து பிலிம் எடுக்கும் செபரேஷன் அறையில் இருக்கும் கம்ப்யூட்டரை ஃபார்மேட் பண்ணிவிடலாம் என்று ஒருவர் சொன்னால், அவருக்கு பிரிண்டிங் தெரியாது என்று அர்த்தம். கம்ப்யூட்டரும் முழுதாகத் தெரியாது என்றே நான் சொல்வேன். எங்கள் யூனிட்டில் உள்ள கம்ப்யூட்டர்களை எல்லாம் சரிபார்க்க வெளியிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். பில்லிங், ஸ்டோர், மெர்ச்சண்டைசிங் என்று வரிசையாக முடித்துவிட்டு என் மேசைக்கு வந்தவர் திரையைப் பார்த்ததுமே சொன்னார்: “விண்டோஸ் செவனுங்களாண்ணா? 2020லயே மைக்ரோசாஃப்ட் கைவிட்டுட்டாங்க. எல்லாத்தையும் வழிச்சுட்டுப் புதுசாப் போட்டுடலாம். செபரேஷன்தானுங்க, இப்பெல்லாம் ரிப் சாஃப்ட்வேரே பிரிச்சுக் குடுத்துடுது.”

விண்டோஸ் 7 பற்றி அவர் சொன்னது சரிதான். அதனால்தான் அந்த மெஷினை நான் இன்டர்நெட் பக்கமே விடுவதில்லை. ஃபைல்கள் வேறொரு கம்ப்யூட்டரில் இறங்கி, சோதித்த பிறகு பென்டிரைவில்தான் இதற்கு வரும். ஆனால் அவருடைய கடைசி வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு தொழிலை ‘தானுங்க’ என்று முடித்துவிட்டார்.

நான் இந்த வேலைக்கு வந்தபோது திருப்பூரில் பாசிட்டிவ் கையால்தான் வரைவார்கள். கலருக்கு ஒரு ஷீட், ஒபேக் மை, மெல்லிய பிரஷ். பிறகு கோரல்டிரா வந்தது. கனடாவின் ஒட்டாவா நகரத்து கம்பெனி ஒன்று 1989இல் வெளியிட்ட அந்த சாஃப்ட்வேர், பி.என். ரோட்டிலும் மங்கலம் ரோட்டிலும் சந்துக்குச் சந்து உட்கார்ந்துவிட்டது. எழுத்தும் லோகோவும் உள்ள செஸ்ட் பிரிண்டுக்கு அதுவே போதும். ஷேடு உள்ள டிசைன் என்றால் ஃபோட்டோஷாப். இந்த இரண்டையும் ஓட்டத் தெரிந்தவர்கள் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவற்றைத் தன் வேலைக்கு ஏற்ப வளைத்து வைத்திருப்பவர்கள் குறைவு.

என் கோரலில் கீபோர்டு வேறு மாதிரி வேலை செய்யும். ஒரு கீயைத் தொட்டால் தேர்ந்தெடுத்த உருவத்தின் அடியில் வெள்ளை பேஸ் தானாக விழுந்து, ஓரம் அரை பாயின்ட் உள்வாங்கி சோக் ஆகிவிடும். இன்னொரு கீ நான்கு பக்கமும் ரெஜிஸ்டர் மார்க் வைத்து, கலர் பெயர், மெஷ், ஸ்க்ரீன் வரிசை எண்ணை ஓரத்தில் எழுதிவிடும். கோரலுக்குள்ளேயே விபிஏ இருக்கிறது. அதில் நானே எழுதியவை இவை. ஃபோட்டோஷாப்பில் ஆக்‌ஷன்கள். கறுப்புத் துணிக்கு ஒன்று, வெள்ளைத் துணிக்கு ஒன்று, சாயத்தை நீக்கி அடிக்கும் டிஸ்சார்ஜுக்கு ஒன்று. கறுப்பு டி-ஷர்ட்டில் நிழல் விழும் இடத்துக்கு அடியில் வெள்ளை போகக்கூடாது, துணியின் கறுப்பே நிழலாக நிற்கவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த நிழல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். டெஸ்க்டாப்பில் படம் எதுவும் வைக்கமாட்டேன், வெறும் நடு சாம்பல் நிறம். மானிட்டருக்குப் பின்னால் இருக்கும் சுவருக்கும் அதே சாம்பல். பக்கத்தில் பளபளவென்று ஒரு நீலம் இருந்தால் கண் சிவப்பைத் தவறாகப் படிக்கும். கட்டிங் மாஸ்டர் தன் கத்திரியை அடுத்தவர் கையில் கொடுக்கமாட்டார். இந்த மெஷினும் என் கைக்கு அப்படிப் பழகியது.

இத்தனைக்கும் மேலே, இந்தத் தொழிலில் என்னை அதிகம் படுத்தியது அலை. மொய்ரே என்று புத்தகத்தில் இருக்கும். சாம்பிளுக்கு ஸ்ட்ரைக் ஆஃப் எடுத்துப் பார்த்தால் டிசைன் எல்லாம் சரியாக இருக்கும். முகத்தின் கன்னத்தில் மட்டும் வரிவரியாக ஓடும். பையர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

ஷேடைப் புள்ளி வரிசைகளாக உடைத்துத்தான் அடிக்கமுடியும். அந்த வரிசைகளின் கோணத்துக்கு ஆஃப்செட் புத்தகங்கள் சியானுக்கு 15, மெஜந்தாவுக்கு 75, மஞ்சளுக்கு 0, கறுப்புக்கு 45 டிகிரி என்று வாய்ப்பாடு தரும். காகிதத்துக்கும் உலோகத் தகட்டுக்கும் அது சரி. நமக்கு ஸ்க்ரீனே ஒரு நெசவு. இழைகள் 0, 90 டிகிரியில் ஓடும் மெஷ் மேல் அதே திசையில் புள்ளி வரிசையை வைத்தால் இரண்டும் இடித்துக்கொண்டு அலை கிளம்பும். அதனால்தான் ஸ்க்ரீன் பிரிண்டர்கள் எல்லாக் கலரையும் 22.5 டிகிரியில் வைக்கிறார்கள். மெஷ் எண்ணை ஐந்தால் வகுத்து வரும் லைனை, அதாவது அங்குலத்துக்கு அத்தனை புள்ளி வரிசையை, தாண்டாதே என்றும் சொல்வார்கள். சென்டிமீட்டருக்கு 90 இழை ஓடும் 90 டி மெஷ்ஷில் அங்குலத்துக்கு ஏறக்குறைய 228 இழை. ஐந்தால் வகுத்தால் 45 லைன்.

இதை எழுதியவர்கள் பனியன் துணியை மனதில் வைத்து எழுதவில்லை. நம்மிடம் மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கிறது: துணியின் லூப். 24 கேஜ் மெஷினில் ஓடிய சிங்கிள் ஜெர்சி, சாயமும் காம்பாக்டிங்கும் முடிந்து மேசைக்கு வரும்போது அங்குலத்துக்குச் சுமார் 36 வேல், அதாவது 36 லூப் வரிசை, நிற்கும். அதே திசையில் 40 லைன் புள்ளி விழுந்தால் வித்தியாசம் 4. அங்குலத்துக்கு 4 அலை, ஒவ்வொன்றும் ஆறு மில்லிமீட்டருக்கு மேல். எந்தக் கண்ணிலிருந்தும் தப்பாது. 55 லைன் போட்டால் வித்தியாசம் 19. அலை ஒன்றரை மில்லிமீட்டருக்குள் சுருங்கித் துணியின் சொரசொரப்பில் மறைந்துவிடும். ஆனால் 55 லைன் பிடிக்க 120 டி மெஷ் வேண்டும். 120 மெஷ்ஷில் வெள்ளை மை சரியாக இறங்காது, கறுப்புத் துணியில் வெள்ளை சாம்பலாகத் தெரியும். வெள்ளைக்குப் பார்த்தால் அலை, அலைக்குப் பார்த்தால் வெள்ளை போச்சு. பிக்கே துணி வந்தால் இந்தக் கணக்கு இன்னும் மோசம். வருஷக்கணக்கில் நான் இதற்குள்தான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

வழி காட்டியவர் ஒரு டேபிள் பிரிண்டிங் மாஸ்டர். கம்ப்யூட்டரை அவர் தொட்டதே இல்லை. நீள டேபிளில் கம் தடவி, கட்டிங் பீஸை ஒட்டி, ஸ்க்ரீனைத் தூக்கித் தூக்கி வைத்து அடித்தே வயதானவர். ஒரு குழந்தை முகம் மூன்றாவது தடவையும் அலையடித்துத் திரும்பி வந்தபோது, “அந்தப் பிலிமைக் குடு கண்ணு” என்றார். லைட் டேபிளில் துணியை விரித்து, மேலே ஸ்க்ரீனை வைத்து, அதன்மேல் பிலிமைப் போட்டு மெதுவாகத் திருப்பினார். அலை அகலமாயிற்று, குறுகிற்று, மறுபடி அகலமாயிற்று. ஓர் இடத்தில் சுத்தமாக நின்றது. அப்படியே கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேனாவால் கோடு போடச் சொன்னார்.

“இந்தா, இங்க நிக்குது. இதையே உம் பொட்டியில போடு.”

“எல்லாத் துணிக்கும் இதே போடலாங்களா மாஸ்டர்?”

“அதெப்படி? துணி மாறுனா மறுக்காச் சுத்திப் பாக்கோணும். பையன் ஸ்க்ரீனை எவ்வளவு இழுத்துக் கட்டியிருக்கான்னும் பாக்கோணும்.”

அளந்து பார்த்தால் அது 22.5 டிகிரியும் இல்லை, 45 டிகிரியும் இல்லை. எந்தக் கையேட்டிலும் இல்லாத எண். அவர் அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று திருப்பூரில் பல யூனிட்டுகளில் மாஸ்டர்களாக இருக்கிறார்கள். அவருக்கென்று ஒரு பாராட்டு விழாவும் நடந்ததில்லை.

கோணம் கிடைத்தாலும் அதைப் பிரிண்டருக்குள் அனுப்புவது தனிப் போராட்டம். போஸ்ட்ஸ்கிரிப்ட் இல்லாத லேசர் பிரிண்டர், நாம் கொடுக்கிற லைனையும் கோணத்தையும் காதில் வாங்காது. தன் இஷ்டத்துக்குப் புள்ளி போடும். போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டரின் விலை அன்று எங்களுக்கு எட்டாது. அப்போதுதான் கோஸ்ட்ஸ்கிரிப்ட் கிடைத்தது. எல். பீட்டர் டாய்ச் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1988இல் வெளியிட்ட இலவச சாஃப்ட்வேர்; போஸ்ட்ஸ்கிரிப்டைப் படித்துச் சாதாரண பிரிண்டருக்குப் புள்ளியாக்கித் தரும். போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் செட்ஸ்கிரீன் என்று ஒரு கட்டளை உண்டு. லைன் எத்தனை, கோணம் எவ்வளவு, புள்ளியின் வடிவம் என்ன என்ற மூன்றையும் அது வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு துணிக்கும் மெஷ்ஷுக்கும் ஒரு சின்ன ஃபைல் எழுதி, பிரிண்ட் போகும் வழியில் கோஸ்ட்ஸ்கிரிப்டை வைத்து, அந்த ஃபைலை முன்னால் ஓடவிட்டேன். சாதாரண ஆபீஸ் பிரிண்டரில் நான் கேட்ட கோணத்தில் நீள்வட்டப் புள்ளி விழுந்தது. அந்தத் தாளை லென்ஸ் வைத்துப் பார்த்தபோது எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொன்னால் வீட்டில்கூட யாருக்கும் புரியவில்லை.

கோணம் சரியாக விழுந்தாலும், பிலிமாக வைக்கும் டிரேசிங் பேப்பர் லேசர் சூட்டில் சுருங்கும், நாலு கலரும் ரெஜிஸ்டர் ஆகாது. அதற்கு வெறும் தாளை ஒருமுறை பிரிண்டருக்குள் ஓடவிட்டு, சுருங்க வேண்டியதைச் சுருக்கிவிட்டுத்தான் அடிக்கவேண்டும். இதை எந்த சாஃப்ட்வேரும் சொல்லாது.

2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயத் துணி வரத்து நின்று பிரிண்டிங் டேபிள்களும் காய்ந்தன. வேலை இல்லாத அந்த மாதங்களில் ஒன்று செய்தேன். ஐந்து சதவீதத்திலிருந்து நூறு வரை படிப்படியாகப் புள்ளிகள் உள்ள ஒரு பட்டையைக் கையில் இருந்த ஒவ்வொரு துணியிலும், ஒவ்வொரு மையிலும், ஒவ்வொரு மெஷ்ஷிலும் அடித்துப் பார்த்தேன். திரையில் 50 சதவீதமாக இருக்கும் புள்ளி சிங்கிள் ஜெர்சியில் பிளாஸ்டிசால் மையில் 70ஐத் தாண்டி விரியும். வாட்டர் பேஸில் வேறு, இன்டர்லாக்கில் வேறு. விரிகிற அளவுக்கு முன்கூட்டியே குறைக்கும் கர்வ் ஒவ்வொன்றையும் ஃபோட்டோஷாப்பில் சேமித்தேன். என் மெஷினில் இருக்கும் முக்கியமான ஃபோல்டர் அதுதான். ‘வழிச்சுட்டுப் புதுசா’ என்று அந்தத் தம்பி சொன்னபோது என் மனதில் வந்ததும் அதுதான்.

2022 கடைசியில் ஒரு நாள் பல டிசைன் அறைகளில் பழைய ஃபைல்களைத் திறந்தால் கலர் இருந்த இடமெல்லாம் கறுப்பாக இருந்தது. அடோபிக்கும் பான்டோனுக்கும் இருந்த ஒப்பந்தம் மாறி, பான்டோன் கலர் புத்தகங்கள் பெரும்பாலும் ஃபோட்டோஷாப்பிலிருந்து எடுக்கப்பட்டன. வேண்டுமென்றால் தனியாகச் சந்தா கட்டவேண்டும். சாஃப்ட்வேரையே 2013 முதல் வாடகைக்குத்தான் தருகிறார்கள், இப்போது கலருக்கும் வாடகை. என் மெஷின் கறுக்கவில்லை. அதில் இருப்பது காசு கொடுத்து வாங்கிய பழைய பதிப்பு, நெட்டும் கிடையாது. அதோடு, நான் கலரை எண்ணாக மட்டும் வைத்திருப்பதில்லை. ஒவ்வொன்றையும் துணியில் அடித்து, மை கலந்த கிராம் கணக்கோடு ஃபைலில் ஒட்டி வைத்திருக்கிறேன். டெக் பேக்கில் சி என்று முடியும் காகித நம்பரைப் போட்டுவிட்டு, காட்டனுக்கான டிசிஎக்ஸ் சாம்பிளோடு ஒப்பிட்டு ‘கலர் வரலை’ என்று திருப்பி அனுப்பும் மெர்ச்சண்டைசர்களுக்கு அந்த ஃபைலைத்தான் திறந்து காட்டுவேன். லைட் பாக்ஸில் டி65 விளக்கில் ஒன்றாகத் தெரிவது டிஎல்84 விளக்கில் பிரிந்துபோகும் என்பதையும் அங்கேயே காட்டுவேன். கல்லூரியில் கலர் தியரி படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் இதை முதல்முறை பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள்.

ஃபைலைப் புள்ளியாக்கி அச்சுக்கு அனுப்பும் ரிப் சாஃப்ட்வேர் நல்ல கருவி. எப்சனில் இன்க்ஜெட் பிலிம் அடிக்க நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன். பிலிமில் அடித்துத் துணியில் ஒட்டும் டிடிஎஃப் மெஷினுக்கு வெள்ளையை அதுவே போட்டுத் தரும், அங்கே துணிக்கும் மைக்கும் நடுவில் ஒரு பசைப் படலம் இருப்பதால் துணி எதுவானாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்க்ரீனுக்கு அந்த ஆட்டோ பட்டனை நம்பினால் அது தருவது ஏதோ ஒரு துணிக்கு, ஏதோ ஒரு மெஷ்ஷுக்கு, எங்கோ ஒருவர் போட்டுவைத்த அளவு. நம் டேபிளில் இன்று கிடக்கும் 180 ஜிஎஸ்எம் துணி அதற்குத் தெரியாது. புதிதாக வருகிற பிள்ளைகள் அந்த அளவைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஷார்ட்கட் கீயை மாற்றலாம் என்பதே பலருக்குத் தெரியவில்லை. ஏஐயில் செய்த படத்தை வாட்ஸ்அப்பில் சுருங்கிப்போன ஜேபெக்காக ராத்திரி அனுப்பிவிட்டு, காலையில் எட்டு கலர் பிலிம் கேட்கிறார்கள். அலையடித்தால் மெஷ் சரியில்லை என்கிறார்கள், மெஷ் கட்டிய பையன் திட்டு வாங்குகிறான்.

அந்த மெஷினை ஃபார்மேட் பண்ண நான் விடவில்லை. ஹார்ட் டிஸ்க்கை அப்படியே இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை முதலாளியிடம் கொடுத்திருக்கிறேன். கர்வ்களையும் கோணங்களையும் ஒரு நோட்டில் துணி வாரியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். விண்டோஸ் எத்தனை மாறினாலும் அந்த எண்கள் செல்லும். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் நாள் கம்ப்யூட்டரை ஆன் பண்ணவிடுவதில்லை. பிலிமையும் துணியையும் கொடுத்து லைட் டேபிளில் சுற்றச் சொல்கிறேன். சிலர் மறுநாள் வருவதில்லை.

எனக்கு முதலாளிமார்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. ஒரு டி-ஷர்ட்டின் காஸ்டிங் ஷீட்டில் நூல், நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், லேபிள், பாலிபேக் எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி இருக்கிறது. பிரிண்டுக்குப் பீஸ் ரேட் இருக்கிறது. செபரேஷனுக்கு எதுவும் இல்லை. பிலிமுக்குச் சதுர அங்குலக் கணக்கில் தருவதோடு சரி. நிழல் எங்கே தொடங்கவேண்டும் என்று அரைநாள் உட்கார்ந்து யோசித்த டிசைனுக்கும், நாலு எழுத்து லோகோவுக்கும் பிலிம் அளவு ஒன்றாக இருந்தால் கூலியும் ஒன்றுதான். இப்படி இருந்தால் எந்தப் பிள்ளை கர்வ் போடக் கற்றுக்கொள்ளும்? அடுத்த சீசன் காஸ்டிங்கில் செபரேஷனுக்கு என்று ஒரு வரி போடுங்கள். தொகை எவ்வளவு என்பதைப் பிறகு உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.