படிக்கட்டுப் பந்தயம்

அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படிகள். சுமார் 9 கி.மீ. சித்தூர் வழியாக பஸ் பிடித்து வரும் வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது வேண்டுதல் மட்டுமல்ல, விளையாட்டும்கூட. படி எண்ணுவதில் அண்ணனுக்கும் தங்கைக்கும் தகராறு. காலி கோபுரத்தை யார் முதலில் தொடுவது என்று அப்பாவையும் வம்புக்கு இழுக்கிறார்கள். செங்குத்தான அந்த ஏற்றத்தில் தோற்பது பெரும்பாலும் அப்பாதான். பாட்டியோ படிக்குப் படி மஞ்சள், குங்குமம் வைத்தபடி நிதானமாக வருகிறார்.

முன்னே ஓடுவதில்தான் இந்த ஆட்டத்தின் ருசி. ஆனால் சுற்றிலும் சேஷாசலக் காடு. 2023 ஆகஸ்டில், இரவில் குடும்பத்தோடு ஏறிய 6 வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதன்பின், பிற்பகல் 2 மணிக்குமேல் சிறுவர்களுக்கு இப்பாதையில் அனுமதியில்லை என்று தேவஸ்தானம் அறிவித்தது. பக்தர்களுக்குக் கைத்தடியும் கொடுத்தது. பந்தயம் வைக்க நினைப்பவர்கள் காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது. பாட்டியின் வேகத்தில் ஏறினாலும் வெளிச்சத்திலேயே மேலே போய்விடலாம்.