குவெலதாவோவின் ஆட்டுக்காரன்

"நம்மள்ல ஒருத்தன் படிச்சு மேல வந்துட்டா போதும், சேரியே மேல வந்துரும்" என்று எங்க அப்பா ஓயாமல் சொல்வார். ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த என்னைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவர் அவர். அதனாலோ என்னவோ, மெக்சிகோ ஜனாதிபதி பெனிட்டோ ஹுவாரெஸின் வாழ்க்கையைப் படித்தபோது யாரோ அந்நியன் கதையாகத் தெரியவில்லை.

1806 மார்ச் 21-ல், வஹாக்கா மலைப்பகுதியில் குவெலதாவோ என்ற சிற்றூரில், ஸபோடெக் பூர்வகுடியில் பிறந்தவர். மூன்று வயதில் தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்தார்கள். சித்தப்பா வீட்டில் ஆடு மேய்த்தார். 12 வயதில் வஹாக்கா நகரத்துக்கு நடந்தே போனார். ஸ்பானிஷ் சரியாகப் பேச வராது. அங்கே ஒரு வீட்டில் அவருடைய அக்கா சமையல் வேலை செய்தாள். அந்த வீட்டுப் பெண் மார்கரீத்தாவைத்தான் 1843-ல் அவர் கல்யாணம் செய்தார். இதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். எங்க ஊர்ல, அக்கா பாத்திரம் தேய்க்கிற வீட்டுப் பொண்ணை ஒருத்தன் கட்டினா உசிரோட இருப்பானா?

வக்கீல், கவர்னர், 1858-ல் ஜனாதிபதி. பூர்வகுடியிலிருந்து மெக்சிகோவில் அந்த நாற்காலிக்கு வந்த முதல் ஆள். பாதிரிகளுக்கும் பட்டாளத்துக்கும் இருந்த தனிக் கோர்ட்டுச் சலுகையை 1855-லேயே வெட்டினார். 1859-ல் பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் சர்ச்சின் ஏட்டிலிருந்து அரசாங்கப் பதிவேட்டுக்குக் கொண்டுவந்தார். பிரெஞ்சுப் படை மாக்சிமிலியனைப் பேரரசனாக்கியபோது வடக்கு எல்லைவரை துரத்தப்பட்டும் பணியவில்லை. 1867-ல் அந்தப் பேரரசன் சுட்டுக் கொல்லப்பட்டான்.

இதுவரைக்கும் அப்பா சொன்னதுதான். இதுக்கப்புறம்தான் எனக்கு இடிக்குது.

1856-ல் ஹுவாரெஸின் தாராளவாதத் தரப்பு கொண்டுவந்தது லெர்தோ சட்டம். சர்ச்சின் கையில் குவிந்திருந்த நிலத்தை உடைப்பதுதான் நோக்கம். ஆனால் கூட்டுச் சொத்து கூடாது, தனி ஆள்தான் நிலத்துக்குச் சொந்தக்காரன் என்ற அந்த விதி பூர்வகுடிகளின் ஊர்ப் பொது நிலத்தையும் தொட்டது. 1857 அரசியல் சட்டத்திலும் அது ஏறியது. காசும் பத்திரமும் உள்ளவன் வாங்கினான். 1872-ல் ஹுவாரெஸ் இறந்தார். அதற்குப் பிறகும் பெரும்பண்ணைகள் ஊர் ஊராக விழுங்கின. 1910-க்கு மேல் ஸபாத்தாவின் ஆட்கள் துப்பாக்கி தூக்கியது அந்த ஊர் நிலத்தை மீட்கத்தான்.

எங்க தாத்தாவிடமும் கொஞ்சம் பஞ்சமி நிலம் இருந்தது. மத்த சாதிக்காரனுக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை போட்ட நிலம். கடனுக்குக் கைநாட்டு வைத்தார், போய்விட்டது. அங்கே சட்டம் வந்து நிலம் போனது. இங்கே சட்டம் இருந்தே போனது.

ஹுவாரெஸைத் துரோகி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எல்லாரும் சட்டத்துக்கு முன்னால் சமம் என்பதை அவர் நிஜமாகவே நம்பினார். வெறுங்கையனும் பண்ணையாரும் சமமென்று எழுதினால் நிலம் எந்தப் பக்கம் போகும் என்பதைத்தான் அந்தச் சமம் கேட்கவில்லை.

அப்பா இப்போது இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்: "ஒருத்தன் மேல வர்றது நல்லதுதாம்பா. வந்ததும் மொதல்ல பட்டா யார் பேர்ல இருக்குன்னு அவனக் கேக்கணும்."