நாகர் என்ன பாஷை கதைச்சவை?

போன வருசம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு வேற்றுக்கிரக இனத்தை உருவாக்கினோம். இரண்டு காலில் நடக்கிற ஓநாய்கள். இரண்டு சூரியன் இருக்கிற ஒரு கிரகம். ஏழு குலங்கள், ஒவ்வொரு குலத்துக்கும் மூத்த தாய்தான் தலைவி. அவர்களுக்குக் கோயில் இல்லை, சிலை இல்லை. செத்தவர்களின் குரல் காற்றிலேயே நிற்கிறது என்று நம்புகிறார்கள். இரண்டு சூரியனும் ஒன்றாக மறைகிற இரவில் ஏழு குலமும் ஒரு குன்றில் கூடி ஊளையிடும். அந்த ஊளைக்குள் பாட்டன் பூட்டனின் ஊளையும் சேர்ந்து கேட்கும். அதுதான் அவர்களின் வழிபாடு.

நாங்கள் நாலு பேரும் தீவுப் பக்கம். ஊர்காவற்றுறை, வேலணை, நயினாதீவு, நெடுந்தீவு. கலைப்பீடத்தில் ஒரே பட்ச். பாடக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தொடங்கியது மெல்ல மெல்ல நாற்பது பக்கச் சித்திரக்கதையாக வளர்ந்தது. ஒருத்தன் கீறுவான், மற்ற மூன்று பேரும் கன்ரீனில் பிளேன்ரீ ஆறும்வரை குலச் சண்டைகளை யோசிப்போம். உண்மையைச் சொன்னால், பரீட்சைக்குக்கூட நாங்கள் இவ்வளவு யோசித்ததில்லை.

முதல் வாசகர் நயினாதீவு அம்மம்மா. ஆனித் திருவிழாவுக்கு நாலு பேரும் அவள் வீட்டில்தான் நின்றோம். அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"நல்லாய்த்தான் கீறியிருக்கிறியள். உவையை ஆர் மோனை பாத்தது?"

"ஒருத்தரும் பாக்கேல்லை அம்மம்மா. கற்பனை."

"கற்பனை எண்டாலும் ஆரோ ஒருத்தர் நிண்டு பாத்தாத்தானே இப்பிடிச் சொல்லலாம்? அவர் எங்க நிண்டவர்?"

சிரித்துப்போட்டு விட்டுவிட்டோம். ஆனால் திரும்பி வருகிற படகில் அந்தக் கேள்வியும் எங்களோடு ஏறி இருந்தது. குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து சேரும்போது, ஒருவர் மாறி ஒருவர் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

முதலில், ஏன் ஓநாய்? எங்களில் ஒருத்தரும் ஓநாயைக் கண்டதில்லை. இலங்கையில் ஓநாயே இல்லை, இருப்பது நரி. ஓநாயும் குலமும் நிலவும் ஊளையும் எல்லாம் படங்களிலிருந்தும் கேம்களிலிருந்தும் நாங்கள் கடன் வாங்கியவை. 2009 இல் வந்த அவதார் படத்தின் நீல மனிதர்களும் அதற்குள் கொஞ்சம் இருக்கிறார்கள். குலம், காடு, முன்னோரின் குரல் கேட்கிற மரம். அந்தப் படத்தையும் யோசித்துப் பாருங்கள். அந்தக் குலங்களுக்குள் எங்களைக் கூட்டிக்கொண்டு போகிறவன் வெளியிலிருந்து வந்த ஒரு சிப்பாய். அவன் நின்ற இடத்தில் நின்றுதான் நாங்களும் பார்க்கிறோம்.

வேற்றுக்கிரகக் கதை எழுதினவர்கள் எல்லாரும் இதைக் கவனிக்காமல் விட்டதில்லை. எச். ஜி. வெல்ஸ் 1898 இல் புத்தகமாக வெளியிட்ட 'உலகங்களின் போர்' நாவலில் செவ்வாய்க் கிரகவாசிகள் இங்கிலாந்தைத் தாக்குகிறார்கள். அவர்களைக் கொடியவர்கள் என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னம் ஐரோப்பியர் தாஸ்மேனிய மக்களுக்குச் செய்ததை நினைத்துப் பாருங்கள் என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதிவைத்தார். விசித்திரமான இனம் ஒன்றைக் கற்பனை செய்கிறவன் தன் சொந்த ஊரைத்தான் திரும்பப் பார்க்கிறான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்பதான் எங்களுக்கு உறைத்தது. நாங்கள் ஏன் செவ்வாய்க்குப் போவான்? நாங்கள் இருந்து கதைத்த அந்தத் தீவே மற்றவர்கள் தங்கள் விசித்திர இனத்தைக் கொண்டுவந்து குடியேற்றிய இடம்தானே. நாகதீபம். நாகர்.

மகாவம்சத்தில் புத்தர் இரண்டாம் முறை இலங்கைக்கு வருவது நாகதீபத்துக்கு. மகோதரன் என்ற நாக அரசனுக்கும் அவன் மருமகன் சூளோதரனுக்கும் ஒரு மணி ஆசனத்துக்காகச் சண்டை. புத்தர் வந்து சமாதானம் செய்கிறார். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையிலும் கிட்டத்தட்ட இதே கதை வருகிறது. அங்கே தீவின் பெயர் மணிபல்லவம். இரண்டு நாக அரசர்கள் ஒரு பீடிகைக்காக அடிபடுகிறார்கள், புத்தர் வந்து தீர்த்துவைக்கிறார். அந்த மணிபல்லவம் நயினாதீவுதான் என்று கனபேர் எழுதியிருக்கிறார்கள், மறுத்து எழுதியவர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்குக்கு நாங்கள் வரவில்லை. எங்களுக்குப் பட்டது வேறொன்று. ஒன்று பாளியில், மற்றது தமிழில். ஆனால் இரண்டிலும் நாகர் தங்கட பிரச்சினையைத் தாங்களே தீர்ப்பதில்லை. வெளியிலிருந்து ஒருவர் வந்துதான் தீர்க்க வேண்டியிருக்கிறது. அம்மம்மாவின் கேள்விக்கு இங்கே விடை சுலபம். சொன்னவர் தீவில் நிற்கவில்லை.

தீவுக்குள்ளேயே சொல்கிற கதை வேறு. புளியந்தீவிலிருந்து ஒரு நாகம் வாயில் பூவைக் கவ்விக்கொண்டு ஒவ்வொரு நாளும் கடலில் நீந்தி வந்து அம்மனைக் கும்பிடும். ஒருநாள் கருடன் மறித்துக்கொள்கிறது. நாகம் ஒரு கல்லைச் சுற்றிக்கொள்ள, கருடன் மற்றக் கல்லில் காத்திருக்கிறது. பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என்று இன்றைக்கும் கடலுக்குள் காட்டுவார்கள். அந்த வழியால் கப்பலில் வந்த வணிகர் ஒருவர் கருடனிடம் மன்றாடுகிறார், தன் பொருளையெல்லாம் கொடுத்துக் கோயிலும் கட்டுகிறார். இந்தக் கதையிலும் வெளியாள் ஒருவர் வருகிறார்தான். ஆனால் அவர் பாம்பைத் திருத்த வரவில்லை. அதன் கும்பிடலைக் காப்பாற்ற வந்தார். கடலில் பூவோடு போகிறது பாம்பு. நாங்கள் அதன் பக்கத்தில் நின்று கருடனைப் பார்க்கிறோம்.

நாகர் பாம்பா மனிசரா என்ற வாதம் கம்பஸிலும் நடக்கும். நாகத்தை வழிபட்ட மக்கள் என்பது வழக்கமான விளக்கம். புறநானூற்றில் முரஞ்சியூர் முடிநாகராயர் என்று ஒரு புலவர் இருக்கிறார். அநுராதபுரத்து அரசர்களில் மகாநாகன், சோரநாகன், இளநாகன் என்று பெயர்கள் வரும். 1936 இல் வல்லிபுரத்தில் கிடைத்த பொற்சாசனத்தில் நாகதீவு என்ற இடப்பெயர் இருக்கிறது. எங்கட தீவுகளில் நாகம்மா, நாகலிங்கம், நாகராசா, நாகேஸ்வரி என்று கூப்பிட்டால் ஒழுங்கைக்கு ஒருத்தர் திரும்பிப் பார்ப்பார். "நாகர் எண்டால் நாங்கள்தான்" என்று எங்கட ஆக்கள் முடிப்பார்கள். "இது புத்தர் வந்த இடம்" என்று விகாரைக்கு வருகிறவர்கள் முடிப்பார்கள். குறிகட்டுவானிலிருந்து இரண்டு பேரும் ஏறுவது ஒரே படகில்தான். நாகர் தங்களைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பது மட்டும் இரண்டு பக்கத்துக் கதையிலும் இல்லை.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒரு நாகன் வாய் திறந்து நிறையக் கதைக்கிறான். மணிமேகலையில் சாதுவன் என்ற வணிகனின் கதை அது. அது நடப்பது மணிபல்லவத்தில் இல்லை, கடலுக்குள் நாகர் வாழ்கிற ஒரு மலையில். கப்பல் உடைந்து, ஒடிந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு கரையேறிய சாதுவன் ஒரு மரத்தடியில் நித்திரையாகிறான். உடுப்பில்லாமல் திரிகிற, மனிசரைத் தின்கிற நாகர் வந்து அவனை எழுப்புகிறார்கள். அவன் தப்பியது வாளால் இல்லை, மந்திரத்தாலும் இல்லை. அவனுக்கு அவர்களின் பாஷை தெரிந்திருந்தது, அதனால்தான்.

பிறகு அவனைத் தலைவனிடம் கூட்டிக்கொண்டு போகிறார்கள். கள்ளுப் பானைகள், காய்கிற எலும்புகள், முடை நாற்றம். தலைவன் தன் துணையோடு இருப்பதைப் பெண் கரடியோடு இருக்கிற ஆண் கரடிக்கு ஒப்பிடுகிறார் சாத்தனார். எங்கட ஓநாய்கள் மாதிரியே. ஆனால் அந்தக் கரடி கேட்கிற கேள்விகளைப் பாருங்கள். பெண்ணும் சாப்பாடும் இல்லாமல் வாழ்க்கையில் என்ன இன்பம்? உடம்பை விட்டுப் போகிற உயிர் இன்னொரு இடத்துக்கு எப்படிப் போகும், சொல்லு. எங்கட வகுப்பில் ஒருத்தரும் கையை உயர்த்திக் கேட்காத கேள்விகள். கடைசியில் அவன் சாதுவனின் அறத்தை ஏற்றுக்கொள்கிறான், ஆனால் பேரம் பேசித்தான் ஏற்றுக்கொள்கிறான். கள்ளையும் ஊனையும் ஒரேயடியாக விட எங்களால் ஏலாது, எங்களுக்கு ஏற்ற அறத்தைச் சொல்லு என்கிறான். கப்பல் உடைந்து வருகிறவர்களைக் கொல்லாதே, தானாக மூத்துச் செத்த விலங்கைத் தவிர வேறெதையும் தின்னாதே என்பதோடு சாதுவனும் இறங்கி வருகிறான்.

சொன்னவர் இங்கேயும் வெளியில்தான் நிற்கிறார். நாங்கள் அதை மறக்கவில்லை. ஆனால் பாஷை தெரிந்த ஒருவன் நடுவில் வந்ததும் கரடி கேள்வி கேட்கிற மனிசனாகிவிடுகிறது. சாத்தனார் அந்தக் கேள்விகளை மறைக்கவில்லை.

இது ஏன் எங்களைப் பிடித்தது என்று சொல்ல வேண்டும். முதலாம் வருசத்தில் ஒரு மாலை, பட்ச் முழுக்க ஒன்றாக இருந்து பகிடி விட்டுக்கொண்டிருந்த நேரம். பாம்பையும் இன்னாரையும் ஒன்றாகக் கண்டால் முதலில் இன்னாரை அடி என்று ஒரு வசை இருக்கிறது. 'இன்னார்' என்ற இடத்தில் ஊருக்கு ஊர் ஆரையோ போட்டுச் சொல்வார்கள். அன்றைக்கு ஒருத்தன் அதில் தீவாரைப் போட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். சிரிக்காமல் விட்டால் கோவக்காரர் என்று பெயர் வரும். இரண்டாயிரம் வருசத்துக்குப் பிறகும் எங்களை அந்தப் பாம்புக்குப் பக்கத்திலேயே நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று அறைக்கு வந்து கதைத்தோம். ஓநாய்க் கதை அதற்கு அடுத்த கிழமைதான் தொடங்கியது. எங்களைப் பார்த்துச் சிரிக்காத ஓர் உலகம் வேண்டும் போலிருந்தது.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும். முடிக்க ஏலாமல் போனது.

சாதுவனைப் படித்த சூட்டோடு எங்கட நாற்பது பக்கத்தையும் திரும்ப எடுத்து வைத்து வாசித்தோம். இருபத்திமூன்றாம் பக்கத்தில் ஒரு புனிதச் சுனை இருக்கிறது. ஆறு குலங்களும் வரிசையாக வந்து தண்ணீர் குடிக்கும். ஏழாவது குலம் கரையில் வாழ்கிறது, பிணங்களைப் புதைக்கிறது, செத்ததைத் தின்கிறது. அவர்களின் மணம் சுனையில் படக்கூடாது. மற்றவர்கள் குடித்து முடித்துக் கொஞ்சம் ஊற்றிவிடும்வரை அவர்கள் தள்ளி நிற்க வேண்டும். இதை எழுதிய அன்று, உலகம் நல்ல ஆழமாக வந்திருக்கிறது என்று நாங்கள் சந்தோசப்பட்டது ஞாபகம். கீறினவன் அந்தக் குலத்துக்கு மட்டும் பென்சிலை அழுத்திக் கறுப்பாக நிறம் தீட்டியிருந்தான். ஏன் என்று கேட்டோம். அவனுக்கே தெரியவில்லை.

எங்களில் ஒருத்தி அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வேற கிரகத்துக்குப் போயும் நாங்கள் கிணத்தை விடேல்லை, என்ன?"

தீவுகளில் நல்ல தண்ணி எவ்வளவு பெரிய விசயம் என்று எங்கட பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. கனக்கக் கிணறு உவர். ஒரு நல்ல தண்ணிக் கிணற்றை நம்பி ஒரு குறிச்சியே இருக்கும். அவளின் அம்மா சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் அப்படி ஒரு கிணற்றடியில் குடத்தோடு தள்ளி நின்றிருக்கிறார், யாராவது வந்து ஊற்றிவிடும்வரை. கயிற்றைத் தொட விடமாட்டார்கள். இதற்கெதிராக 1957 இலேயே நாட்டில் சட்டம் வந்தது. வந்தும், 1968 இல் மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் போவதற்கு மனிசர் போராட வேண்டியிருந்தது. இதெல்லாம் பாடத்தில் படித்த வருசங்கள். ஆனால் இரண்டு வருசமாக ஒரே கிண்ணத்தில் சாப்பிடுகிற எங்களுக்கு அவளின் அம்மாவின் குடம் அன்றைக்குத்தான் தெரியும்.

தீவார் என்று எங்களைச் சிரித்தவனில் எங்களுக்கு இன்னும் கோவம் இருக்கிறது. அது நியாயமான கோவம்தான். ஆனால் சுனையை எழுதியது அவன் இல்லை. அதை நாங்கள் ஒரு படத்திலிருந்தும் கடன் வாங்கவில்லை. நாற்பது பக்கத்திலும் முழுக்க எங்கட ஊர்ச் சரக்காக இருந்தது அந்த ஒரு பக்கம்தான். 'நாங்கள்' என்று இந்தக் கட்டுரை முழுக்க எழுதிக்கொண்டு வருகிறோம். அந்தப் பக்கத்தை எழுதும்போது அந்தச் சொல்லுக்குள் அவளும் இருந்தாளா என்று நாங்கள் யோசிக்கவில்லை. அவளும்தான் அன்றைக்குத் தலையாட்டினாள். பகிடிக்கு நாங்கள் எல்லாரும் சிரித்தோமே, அது மாதிரி.

அந்தப் பக்கத்தைக் கிழிப்போம் என்று கீறினவன் சொன்னான். வேண்டாம் என்றாள். "கிழிச்சால் அப்பிடி ஒண்டு நடக்கேல்லை எண்டு வந்திடும். கிடக்கட்டும்." அதனால் அது அப்படியே கிடக்கிறது.

ஒரு உலகத்தைப் படைக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு, இப்போது உங்களில் கனபேர் கதை எழுதுகிறீர்கள், கீறுகிறீர்கள், எங்களால் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அந்த உலகத்தில் எத்தனை சூரியன் என்று பிறகு யோசியுங்கள். முதலில் தண்ணீர் எங்கே இருக்கிறது, அங்கே தள்ளி நிற்கிறது ஆர் என்று பாருங்கள். பிறகு அவர்கள் என்ன பாஷை கதைக்கிறார்கள் என்று கேளுங்கள்.

கதையைத் திரும்ப முதலிலிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறோம். இந்த முறை சொல்வது ஏழாவது குலம். அவளே எழுதுகிறாள். அம்மம்மா கேட்டால், பார்த்தவர் கரையில் நின்றவர் என்று இனிச் சொல்லலாம். பத்துப் பக்கம் முடிந்துவிட்டதாம். எங்களுக்கு இன்னும் காட்டவில்லை, நாங்களும் கேட்கவில்லை.