ஐந்தரை அங்குலம்

போடிமெட்டு ஏறுகிற ஏலத்தோட்ட ஜீப் எதிரில் வந்தால் என் கண் முதலில் அதன் சக்கரத்துக்குத்தான் போகும். மேலே பழைய சிஜே-3பி. 1953இல் வில்லிஸ் அதற்குள் வைத்த ஹரிகேன் இன்ஜின் முந்தையதைவிட உயரம். பானெட் அப்படித் தூக்கி நிற்பது அதனால்தான். அந்த முகத்தை மகிந்திரா இங்கே பல பத்தாண்டுகள் மாற்றாமல் செய்தது. கீழே பார்த்தால் மாருதி ஜிப்ஸியின் 15 அங்குல டிஸ்க். எனக்கு அது ஒருபோதும் ஒட்டாத ஜோடியாகத் தெரிந்ததில்லை.

மாமாவின் ஜீப்பும் அப்படி மாறியதுதான். அதன் 16 அங்குல டிஸ்க்குகளில் நட்டு ஓட்டைகள் தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டன. எத்தனை இறுக்கினாலும் இரண்டு நாளில் லொடலொடவென்று சத்தம். புதுப்பேட்டையிலிருந்து ஐந்து ஜிப்ஸி டிஸ்க்குகள் வந்தன. மேலே வெள்ளிப் பெயிண்ட், சுரண்டினால் அடியில் பச்சை. பட்டாளத்து வண்டியில் ஓடியவை.

பட்டறை அண்ணன் வெர்னியரை எடுத்து அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் மையத் தூரத்தை அளந்தார். 82 மில்லிமீட்டர். ஐந்து ஓட்டை என்றால் அதை 1.7ஆல் பெருக்க வேண்டும். ஓட்டைகள் நிற்கும் வட்டத்தின் விட்டம் வந்துவிடும். ஜிப்ஸிக்கு 139.7 மில்லிமீட்டர். ஜப்பான்காரர்கள் வைத்த எண் ஏன் இப்படி முழுசாக இல்லாமல் நிற்கிறது என்று யோசித்தால், அது ஐந்தரை அங்குலம். வில்லிஸ் ஜீப்பின் அளவும் அதேதான். ஃபோர்டின் பழைய எஃப்-100 பிக்கப்பிலும் அதே ஐந்தரை.

எல்லா வண்டிக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. பிரிட்டிஷ் மினியின் நான்கு ஓட்டை வட்டம் 101.6; பின்னாளில் வந்த பல சின்னக் கார்களுக்கு 100. வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்று இழுத்து மாட்டுகிறவர்கள் உண்டு. மாட்டிக்கொள்ளும். ஆனால் ஸ்டட் ஒவ்வொன்றும் வளைந்தபடியே ஓடும், நட்டு சாய்ந்து உட்காரும். சேரவே சேராத சக்கரத்தைவிட, சேர்ந்தது மாதிரி இருக்கும் சக்கரம்தான் எனக்குப் பயம்.

"ஓட்டை சேந்துட்டா ஆச்சுன்னு நெனைக்காதீங்க தம்பி, நட்டு உக்கார்ற எடம் சேரணும்" என்றார் அண்ணன். வால்வு சீட் பார்க்க வைத்திருந்த புரூஷியன் ப்ளூவை நட்டின் கூம்பில் தடவி, இறுக்கி, கழற்றிக் காட்டினார். டிஸ்க்கின் ஓட்டை விளிம்பில் நீல வளையம் எங்கும் அறுபடாமல் முழுசாக விழுந்திருந்தது. சக்கரத்தைப் பிடித்து நிற்பது அந்த வளையத்தில் விழும் இறுக்கம்தான். டிஸ்க்கின் நடு ஓட்டை ஹப்பில் இடிக்காமல் நுழைகிறதா என்று கையால் தடவிப் பார்த்தபின்தான் டயரை ஏற்றச் சொன்னார்.

ஜீப்பின் ஸ்டட் அரை அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 20 மரை. ஜிப்ஸிக்கு 12 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1.25. ஜீப்பின் மரையைக் கணக்குப் போட்டால் 1.27. அத்தனை நெருக்கம் என்பதால் ஜீப் நட்டு ஜிப்ஸி ஸ்டட்டில் வழுக்கிக்கொண்டு ஏறிவிடும், இறுகுவது போலவும் இருக்கும். உள்ளே மரை நுனி மட்டும்தான் கவ்வியிருக்கும். அந்தப் பட்டறையில் இரண்டு நட்டுக்கும் தனித்தனி டப்பா. கலந்து போட்ட பையனுக்கு அன்று முழுக்கத் திட்டு விழுந்தது. பழைய ஜீப்பில் இன்னொன்றும் உண்டு: இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. அது தெரியாத பஞ்சர் கடையில் கழற்றுவதாக நினைத்து இறுக்கியே ஸ்டட்டை முறித்துவிடுவார்கள்.

ஓட்டத்தில் என்ன மாறியது? 6.00-16 டயரின் உயரம் சுமார் 28 அங்குலம். ஜிப்ஸியின் 205/70 ஆர்15 ரேடியல் 26 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். ஜீப் ஓர் அங்குலம் போலத் தாழ்ந்தது. ஸ்பீடாமீட்டர் 40 காட்டும்போது உண்மையில் ஓடுவது 37தான். ஏற்றத்தில் இழுவை கூடியது. தோட்டத்து ஆட்களை ஏற்றிப் போகிற வண்டிக்கு அது பெரிய உபகாரம். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் அகல டயர் முன் பட்டையில் உரசியது. ஸ்டாப்பர் போல்ட்டை வெளியே எடுத்து ஒடிப்பைக் குறைத்தார்கள். அதனால் கொண்டை ஊசி வளைவில் இன்னும் அகலமாக எடுத்துத் திருப்ப வேண்டியிருந்தது.

ஜீப்பைப் பிறந்த கோலத்துக்கே திருப்புகிறவர்கள் 16 அங்குல டிஸ்க்கைத் தேடி அலைவது எனக்குப் புரிகிறது, மதிக்கவும் செய்கிறேன். கண்காட்சிக்கு நிற்கிற வண்டிக்கு அது வேண்டும். தினமும் மலை ஏறி ஆட்களை இறக்கிவிட்டு வருகிற வண்டியிடம் அதைக் கேட்க எனக்கு மனசு வராது.

அண்ணன் நட்டு உட்காரும் இடத்துப் பெயிண்டையெல்லாம் முன்பே சுரண்டியிருந்தார். மிச்சம் இருந்தால் அது நசுங்கி இடம் கொடுக்கும், நட்டு தளரும். அப்படியும், ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் கொண்டு வரச் சொல்லியிருந்தார். பூப்பாறை போய்த் திரும்பிய மாமா வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகப் பட்டறைக்கு வந்தார். பின் வலது சக்கரத்தில் இரண்டு நட்டுகள் கால் சுற்றுக் கொடுத்தன.